ஸ்டடி ட்ரிப்போட கடைசி ரெண்டு நாள்: பணத்தை எங்க வெட்டணும், எங்க வெட்டக்கூடாது?

வேலை பார்த்துக்கிட்டே வார இறுதியில எம்பிஏ படிக்கிறவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர். அந்த கோர்ஸ்கள்ல இப்போ சாதாரணமா ஒரு வாரம் வெளிநாட்டு ஸ்டடி ட்ரிப் இருக்கு. மொத்த பேட்சும் கிளம்பி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய், ரெண்டு மூணு கம்பெனி பார்த்து, ஒரு யுனிவர்சிட்டியில வகுப்பு கேட்டு, சர்டிஃபிகேட்டோட திரும்பி வர்ற ட்ரிப். அந்தப் பயணத்தோட கடைசி ரெண்டு நாளைப் பத்தி மட்டும்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த ட்ரிப்ல பணம் வீணாகிறது பெரும்பாலும் கடைசி ரெண்டு நாள்லதான். ஆனா ட்ரிப்புக்குக் கட்டின பணத்துக்கு உண்மையான பலன் கிடைக்கிறதும் அதே ரெண்டு நாள்லதான். "கடைசி நாள்ல கைய இறுக்கிப் பிடி"ன்னு சொல்றவங்களும், "லைஃப்ல ஒரு தடவைதானே, போட்டுத் தாக்கு"ன்னு சொல்றவங்களும் ஆளுக்குப் பாதிதான் சொல்றாங்க. பொருளுக்குப் போற பணத்தை வெட்டணும், ஆளுங்களோட இருக்கிறதுக்குப் போற பணத்தையும் நேரத்தையும் வெட்டக்கூடாது. அது ஏன்னு கணக்கோட பார்ப்போம். உதாரணம் முழுக்க சிங்கப்பூர்தான். கணக்குக்கு ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய்ன்னு வச்சுக்குவோம். நீங்க போற அன்னைக்கு இருக்கிற ரேட்டைப் போட்டுப் பார்த்துக்குங்க.

முதல் மூணு நாள் சிக்கனம், கடைசி ரெண்டு நாள் சுனாமி

முதல் நாள் எல்லாருமே கஞ்சன்தான். தண்ணி பாட்டில் விலையைக் கூட 65-ஆல பெருக்கிப் பார்ப்போம். அப்புறம் குழாய்த் தண்ணியே குடிக்கலாம்னு தெரிஞ்சதும் பாட்டில்ல பிடிச்சு வச்சுக்குவோம். மூணாவது நாள் வரைக்கும் இது ஓடும். நாலாவது நாள் காலையில மனசுல ஏதோ ஒண்ணு மாறும். நான் கவனிச்ச வரைக்கும் அதுக்கு மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்கிற நினைப்பு. ஏற்கனவே லட்சக்கணக்குல கட்டியாச்சு, அதோட ஒப்பிட்டா 5,000 ரூபாய் சின்னதாத் தெரியும். ஆனா கட்டின பணம் கட்டினதுதான். இப்ப எடுக்கிற 5,000 அடுத்த மாசச் சம்பளத்துல இருந்து போறது.

ரெண்டு, ஃபாரெக்ஸ் கார்டுல மீதி இருக்கிற தொகை. "மிச்சம் 150 டாலர் இருக்கு, ஊருக்குப் போய் என்ன பண்ணப் போறோம், செலவு பண்ணிடுவோம்." 150 டாலர்னா 9,750 ரூபாய். இதை ஊருக்கு வந்து ரூபாயா மாத்தும்போது ரேட் வித்தியாசத்துல 4 சதவீதம் போகுதுன்னே வச்சுக்குவோம். 390 ரூபாய். இந்த 390 ரூபாயைக் காப்பாத்தத்தான் 9,750 ரூபாய்க்குத் தேவையில்லாத பொருள் வாங்குறோம். நிதானமா யோசிச்சா யாரும் செய்ய மாட்டாங்க. கடைசி நாள் கடையில நிக்கும்போது நிதானம் இருக்காது, அவ்வளவுதான்.

மூணு, லிஸ்ட். அத்தைக்கு கோடாலித் தைலம், பக்கத்து வீட்டுக்கு சாக்லேட், டீம் லீடுக்கு பெர்ஃப்யூம், மச்சானுக்கு ஒரு வாட்ச். லிஸ்ட்ல இருக்கிறதுல பாதி பொருள் சென்னையிலயே கிடைக்குது. இன்னும் சொல்லப்போனா ஆஃபர் நேரத்துல ஆன்லைன்ல அதைவிடக் குறைச்ச விலைக்குக் கிடைக்கும். இது வாங்கறவங்களுக்கும் தெரியும், வாங்கிக்கறவங்களுக்கும் தெரியும். "சிங்கப்பூர்ல இருந்து வந்தது" என்கிற வார்த்தைக்குத்தான் அந்த விலை.

ஒரே பேட்ச், ஆனா ஒரே பர்ஸ் இல்ல

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாத் தோணுற விஷயம் இதுதான். வகுப்புல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரோட பண நிலைமை ஒண்ணா இருக்காது. ஒருத்தருக்கு கம்பெனியே ஸ்பான்சர் பண்ணியிருக்கும். தினப்படி கூட இருக்கும். இன்னொருத்தர் எஜுகேஷன் லோன் எடுத்து வந்திருப்பார். கையில வர்ற சம்பளம் 50,000, அதுல லோன் இஎம்ஐ 14,000, வாடகை 12,000, வீட்டுக்கு 10,000. மீதி 14,000-ல மாசத்தை ஓட்டுறவர். வாட்ஸப் குரூப்ல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

கடைசி ராத்திரி ஃபேர்வெல் டின்னர் வரும். யாரோ ஒருத்தர் மரீனா பே பக்கம் வியூ நல்லா இருக்கிற ரெஸ்டாரன்ட்டா பார்த்து குரூப்ல லிங்க் போடுவார். 12 பேர் கட்டைவிரல் காட்டுவாங்க. பதிமூணாவது ஆள் "வேணாம்"னு எப்படிச் சொல்வார்?

மெனுவுல இருக்கிற விலைதான் பில்னு நினைச்சுடாதீங்க. சிங்கப்பூர் ரெஸ்டாரன்ட்ல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தா, மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்து அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு அர்த்தம். அங்க ஜிஎஸ்டி 2024 ஜனவரியில இருந்து 9 சதவீதம். மெனுவுல 100 டாலர்னா கையில இருந்து போறது 119.90 டாலர். கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட.

பத்து பேர் சாப்பிட்டு மெனு விலைப்படி 600 டாலர் ஆச்சுன்னு வைங்க. பில் 719.40 டாலர். நம்ம பணத்துல 46,761 ரூபாய். தலைக்கு 4,676. இதுல நாலு பேர் ஆளுக்கு ரெண்டு பீர் குடிச்சிருப்பாங்க. ஒரு பீர் 15 டாலர்னாலும், ரெண்டு கூட்டல் குறியும் சேர்ந்து 1,169 ரூபாய் ஆகும். வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ் மட்டும் சாப்பிட்டவரும் அதுக்குப் பங்கு கட்டுவார். மாசம் 14,000-ல ஓட்டுறவருக்கு இந்த ஒரு ராத்திரி மூணுல ஒரு பங்கு மாசம்.

அதனாலதான் ஒவ்வொரு பேட்ச்லயும் கடைசி ராத்திரி யாராவது ஒருத்தருக்குத் தலைவலி வரும். "நீங்க போயிட்டு வாங்க, நான் பேக் பண்ணணும்"னு சொல்லிட்டு ரூம்லயே இருந்துடுவார். ரெண்டு வருஷம் ஒண்ணாப் படிச்ச கூட்டத்தோட கடைசி போட்டோவுல அவர் இருக்க மாட்டார். இது எனக்குப் பெரிய இழப்பாத் தெரியுது. பணம் இல்லாததால வந்த இழப்பு மாதிரித் தெரியும், ஆனா பேச்சு இல்லாததால வந்தது. ரெண்டு நாள் முன்னாடியே யாராவது ஒருத்தர் "தலைக்கு எவ்வளவுக்குள்ள பார்க்கலாம்?"னு குரூப்ல கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

எங்க பேட்ச் ட்ரிப்ல இதைக் கேட்டது ஒரு அக்கா. பேங்க்ல மேனேஜர், எங்க எல்லாரையும்விடச் சம்பளம் அதிகம். லிங்க் வந்த உடனே அவங்க போட்ட மெசேஜ்: "ப்ளஸ் ப்ளஸ் போட்ட எடம் வேணாம்ப்பா. டெக்கா போலாம். மிச்சத்துல டீ நான் வாங்கித் தரேன்." லிட்டில் இந்தியா எம்ஆர்டி ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா டெக்கா சென்டர். கீழ் தளத்துல ஹாக்கர் கடைங்க. பிரியாணி, பரோட்டா, மீ கோரெங், தே தாரேன்னு ஆளாளுக்குப் பிடிச்சது வாங்கி, மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தோம். தலைக்கு 10 டாலர் தாண்டலை. பத்து பேருக்கு 100 டாலர், அதாவது 6,500 ரூபாய். அங்க யாருக்கும் தலைவலி வரலை.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. குறைஞ்ச செலவைப் பத்தி முதல்ல பேசினது அதிகம் சம்பாதிக்கிறவங்க. அதுதான் சரியான வரிசை. பணம் இல்லாதவர் "பட்ஜெட் இல்ல"ன்னு சொன்னா அது அவரோட நிலைமையைச் சொல்றது. பணம் இருக்கிறவர் சொன்னா அது ஒரு யோசனை, அவ்வளவுதான். உங்க பேட்ச்ல நீங்க நல்ல சம்பளத்துல இருந்தா, இந்த ஒரு மெசேஜைப் போடற பொறுப்பு உங்களோடதுன்னு நான் நினைக்கிறேன்.

கூகுள் ரேட்ல திருப்பிக் குடுக்கறது நட்பு இல்ல

சரி, ரெஸ்டாரன்ட்டுக்கே போயாச்சு, ஒருத்தர் கார்டைத் தேச்சுட்டார். இப்போ கணக்கு.

பொதுவா என்ன நடக்குது? ஆப்ல 719.40 டாலர்னு போட்டு, பத்தால வகுத்து, கூகுள்ல அன்னைக்கு ரேட் பார்த்து, தலைக்கு 4,676 ரூபாய் யூபிஐ பண்ணிடுவாங்க. கணக்கு தீர்ந்துச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க. தேச்சவருக்குத் தீரலை.

நம்ம ஊர் கிரெடிட் கார்டு பலதுல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். 46,761 ரூபாய்க்கு இது 1,931 ரூபாய். ஸ்டேட்மென்ட்ல வர்றது 48,692. ஒன்பது பேர் கூகுள் ரேட்ல குடுத்தது 42,085 ரூபாய். தேச்சவர் தலையில 6,607 ரூபாய் நிக்குது. நியாயமா அவர் பங்கு 4,869 தான். எல்லாருக்கும் உதவி பண்ணினதுக்கு அவர் கட்டின அபராதம் 1,738 ரூபாய். ட்ரிப்ல இதே மாதிரி நாலு பில் அவர் கார்டுல போயிருந்தா 7,000 ரூபாய்க்குப் பக்கம். அவரும் கேட்க மாட்டார். "200 ரூபாய்க்கு வந்து நிக்கறான்"னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம்.

அதனால விதி சிம்பிள். ஸ்டேட்மென்ட்ல வர்ற ரூபாய்த் தொகையைத்தான் பிரிக்கணும். பில் செட்டில் ஆக ரெண்டு மூணு நாள் ஆகும்னா, இப்போதைக்கு மார்க்கப் சேர்த்து ஒரு தொகை வாங்கிட்டு அப்புறம் நேர் பண்ணிக்கலாம். மார்க்கப் இல்லாத கார்டு யார்கிட்டயாவது இருந்தா, பொதுச் செலவெல்லாம் அந்த ஒரே கார்டுல போகட்டும். கார்டு மெஷின்ல "ரூபாயில கட்டறீங்களா, சிங்கப்பூர் டாலர்லயா?"ன்னு கேட்டா எப்பவும் சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தெடுங்க. ரூபாயைத் தொட்டா அந்த மெஷின்காரர் வைக்கிற ரேட், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

தேச்சவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நண்பர்கள் யூபிஐ பண்ணின 42,000 ரூபாய் உங்க சேவிங்ஸ் அக்கவுன்ட்ல வந்து உட்காரும்போது, பேலன்ஸ் நல்லா இருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வரும். கார்டு பில் வர இன்னும் இருபது நாள் இருக்கும். அதுக்குள்ள அந்தப் பணம் எங்கயோ போயிடும். அப்புறம் மினிமம் டியூ கட்டுவோம். மீதிக்கு பல கார்டுல மாசம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி. 48,692 ரூபாய்க்கு ஒரு மாச வட்டியே 1,700 ரூபாய். பணம் வந்த அன்னைக்கே கார்டுக்குக் கட்டிடுங்க. அது உங்க பணம் இல்ல, பில்லோட பணம்.

ஷாப்பிங்: ரீஃபண்ட் ஆசையும் கஸ்டம்ஸ் கதைகளும்

சிங்கப்பூர்ல சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் உண்டு. இந்தத் திட்டத்துல இருக்கிற கடையில வரியோட சேர்த்து 100 டாலருக்காவது வாங்கியிருக்கணும், பாஸ்போர்ட் காட்டியிருக்கணும், பொருளை உங்களோட எடுத்துட்டுப் போகணும். சாங்கி ஏர்போர்ட்ல இருக்கிற இயந்திரத்துல க்ளெய்ம் பண்ணலாம். பொருள் செக்-இன் பையில போகப்போகுதுன்னா, பையைப் போடறதுக்கு முன்னாடியே க்ளெய்ம் பண்ணிடுங்க, பொருளைக் காட்டச் சொல்லலாம். ஹோட்டல் பில்லுக்கும் சாப்பாட்டுக்கும் இந்த ரீஃபண்ட் கிடையாது.

இதுல எங்க மாட்டுறோம்? 70 டாலருக்கு வாங்கியாச்சு. "இன்னும் 30 டாலருக்கு வாங்கினா ரீஃபண்ட் வரும்டா." 100 டாலர் பில்லுல இருக்கிற ஜிஎஸ்டி 8.26 டாலர். அதுலயும் ரீஃபண்ட் ஏஜென்சி கட்டணம் கழியும். எட்டு டாலர் வாங்க முப்பது டாலர் செலவு பண்றோம். நாலு பேர் பொருளைச் சேர்த்து ஒருத்தர் பாஸ்போர்ட்ல போடற ஐடியாவும் வேணாம். வாங்கினவர்தான் க்ளெய்ம் பண்ணணும்.

அடுத்தது நம்ம ஊர் கஸ்டம்ஸ். கடைசி நாள் ராத்திரி ஹோட்டல் ரூம்ல ஓடற கதைகள்ல மூணு ரொம்பப் பிரபலம். மூணுமே தப்பு.

முதல் கதை: "லேடீஸ் 40 கிராம் நகை ஃப்ரீயா கொண்டு வரலாம்." அந்தச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல தங்கியிருந்து திரும்பறவங்களுக்கு. ஒரு வாரம் ஸ்டடி ட்ரிப் போனவங்களுக்கு இல்ல. செராங்கூன் ரோட்டுல நகைக்கடை பார்த்ததும் கை துறுதுறுங்கும், இதை ஞாபகம் வச்சுக்குங்க. நீங்க இங்கிருந்து போட்டுட்டுப் போற நகை வேற விஷயம். அது பெருசா இருந்தா, கிளம்பும்போதே கஸ்டம்ஸ்ல பதிவு பண்ணி சர்டிஃபிகேட் வாங்கிக்கறது நல்லது.

ரெண்டாவது கதை: "உன் லிமிட் காலியாத்தானே இருக்கு, என் போனை உன் பேர்ல கொண்டு வா." ஒருத்தர் வரம்பை இன்னொருத்தர் வரம்போட சேர்க்க முடியாதுன்னு பேக்கேஜ் விதிகள்லயே இருக்கு. வரம்பு எவ்வளவு? 2016-ல வந்த விதிகள் 50,000 ரூபாய்ன்னு வச்சது. இந்த மாதிரி எண்கள் மாறக்கூடியது, கிளம்பற வாரம் சுங்கத்துறை இணையதளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க. 18 வயசு ஆனவங்களுக்கு ஒரு லேப்டாப் இந்த வரம்புக்கு வெளிய. புது போனுக்கு அப்படித் தனிச் சலுகை இல்ல, வரம்புக்குள்ளதான் வரும். வரம்பைத் தாண்டின தொகைக்கு வரி பல வருஷமா 38.5 சதவீதமா இருந்தது. அங்க 8,000 ரூபாய் குறைவுன்னு வாங்கற பொருள், இந்த வரி சேர்ந்தா இங்க வாங்கறதைவிட அதிகமா ஆகலாம்.

மூணாவது கதை: "ஒரு பை மட்டும் பிடிச்சுக்கோ மச்சி, என்னோடது வெயிட் ஏறிடுச்சு." நெருங்கின நண்பரா இருந்தாலும், உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்க்காத பையை உங்க பேர்ல செக்-இன் பண்ணாதீங்க. கேட்கிறவங்க உங்களைத்தான் கேட்பாங்க. கூச்சப்பட வேண்டிய இடம் இது இல்ல.

இதோட தொடர்ச்சிதான் கடைசி நாள் ட்ராலி. வாங்கின பொருளை வைக்க இடம் இல்லாம ஒரு புது ட்ராலி, அந்த ட்ராலியால எக்ஸஸ் பேக்கேஜ் கட்டணம். சாக்லேட்டோட விலையைவிட அதைக் கொண்டு வர்ற விலை அதிகம். கடைசி நாள் ஷாப்பிங்குக்கு நான் வைக்கிற அளவு ஒண்ணே ஒண்ணுதான்: கொண்டு வந்த பையில இடம் இருக்கிற வரைக்கும்.

மிச்சப் பணம் செத்துப்போகாது

கையில மிச்சம் இருக்கிற வெளிநாட்டுப் பணத்தைத் தீர்த்தே ஆகணும்னு ஒரு பயம் இருக்கு. விதி அவ்வளவு கடுமை இல்ல. ஊர் திரும்பின நாள்ல இருந்து 180 நாளுக்குள்ள பயன்படுத்தாத நோட்டைத் திருப்பிக் குடுக்கலாம். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டாவே அடுத்த பயணத்துக்கு வச்சுக்கவும் ரிசர்வ் பேங்க் விதி அனுமதிக்குது. நாணயத்துக்கு வரம்பே இல்ல.

ஆனா நாணயத்தை இங்க யாரும் மாத்தித் தர மாட்டாங்க. அதனால சில்லறையையும் சின்ன நோட்டையும் கடைசி நாள் ஹாக்கர் கடையில தீர்த்துடுங்க. அங்க பல கடையில நம்ம கார்டு செல்லாது, ரொக்கம்தான் வசதி. பெரிய நோட்டையும் கார்டு பேலன்ஸையும் அப்படியே கொண்டு வாங்க.

இன்னொரு சின்ன விஷயம். காலேஜ் இந்தப் பயணத்தை டூர் ஆபரேட்டர் மூலமா பேக்கேஜா பில் போட்டிருந்தா, உங்க பான் நம்பர்ல டிசிஎஸ் பிடிச்சிருக்கலாம். ஊருக்கு வந்ததும் 26ஏஎஸ் படிவத்துல பாருங்க. அது செலவு இல்ல, உங்க வரிக் கணக்குல முன்கூட்டியே கட்டின பணம். ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம்.

வெட்டவே கூடாத ரெண்டு

இவ்வளவு நேரம் எங்க வெட்டணும்னு சொன்னேன். இனிமே எங்க வெட்டக்கூடாதுன்னு சொல்றேன்.

முதல்ல, கடைசி நாள் வகுப்பு. நாலாவது நாள் மதியமோ அஞ்சாவது நாள் காலையோ பிரசன்டேஷனும் பேனல் டிஸ்கஷனும் இருக்கும். பாதி பேர் அட்டென்டன்ஸ் போட்டுட்டு முஸ்தஃபா சென்டருக்குக் கிளம்பிடுவாங்க. ட்ரிப்புக்கு நீங்க கட்டினது 1,50,000 ரூபாய், மொத்தம் அஞ்சு நாள்னு வைங்க. ஒரு நாள் விலை 30,000. அரை நாளைத் தவறவிட்டா 15,000 ரூபாயைக் குப்பையில போட்ட மாதிரி. எந்தக் கடைத் தள்ளுபடியும் அந்தத் தொகைக்கு ஈடாகாது. அதோட, மூணு நாளா ஒதுங்கி நின்ன வெளிநாட்டுப் பேராசிரியரும் கம்பெனி ஆட்களும் மனசு விட்டுப் பேசறது கடைசி நாள் டீ இடைவேளையிலதான். "உங்க டீம்ல ஆள் எடுக்கும்போது என்ன பார்ப்பீங்க?"ன்னு கேட்கிற வாய்ப்பு ஸ்லைடுல கிடைக்காது.

ரெண்டாவது, கூட வந்தவங்களோட கடைசி ராத்திரி. வார இறுதி கோர்ஸ்ல படிக்கிறவங்களுக்கு ஒரு குறை உண்டு. சனிக்கிழமை காலையில ஓடி வருவோம், சாயங்காலம் ஓடிப் போவோம். ரெண்டு வருஷம் ஆனாலும் பேர், கம்பெனி, டெசிக்னேஷன் தாண்டித் தெரியாது. அஞ்சு நாள் ஒரே ஹோட்டல்ல இருந்த பிறகுதான் பேச்சு மாறும். யாருக்கு வேலை போகுற மாதிரி இருக்கு, யார் ஊர்ல அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, யார் தொழில் தொடங்க யோசிக்கறாங்க. இதெல்லாம் கடைசி ராத்திரிதான் வெளிய வரும். நாளைக்கு உங்களுக்கு வேலை மாற வேண்டி வந்தா, முதல்ல போன் எடுக்கப்போறது இந்தக் கூட்டம்தான். அதுக்குக் காஸ்ட்லி ரெஸ்டாரன்ட் தேவையே இல்ல. மரீனா பேயில ராத்திரி நடக்கிற லைட் ஷோ, சூப்பர்ட்ரீ தோப்புல நடக்கிற இசை ஷோ, தண்ணி ஓரமா நடை, எல்லாமே இலவசம். எம்ஆர்டி நள்ளிரவு வாக்குல நின்னுடும், அதுக்குள்ள திரும்பினா டாக்சி செலவும் மிச்சம்.

"40,000-ஐ எஸ்ஐபில போட்டிருந்தா..."

இந்த மாதிரிப் பதிவுல வழக்கமா ஒரு கணக்கு வரும். கடைசி ரெண்டு நாள்ல செலவு பண்ற 40,000 ரூபாயை இருபது வருஷம் போட்டு வச்சா எவ்வளவு ஆகும்னு. நான் அந்தக் கணக்கைப் போடப்போறதில்ல. ஏன்னா அந்தக் கணக்கு எல்லாச் செலவையும் ஒரே தராசுல வைக்குது. தெரியாத பிராண்ட் பெர்ஃப்யூமும், ரெண்டு வருஷம் கூடப் படிச்சவங்களோட உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடும் அந்தத் தராசுல ஒண்ணுதான். எனக்கு அது ஒண்ணு இல்ல. சம்பாதிக்கிறதே இந்த மாதிரி சில ராத்திரிகளுக்கும்தான்.

அதே நேரம், "லைஃப்ல ஒரு தடவைதானே" என்கிற வாதத்தையும் நான் முழுசா ஏத்துக்க மாட்டேன். அந்த ஒரு தடவைக்கான பில் ஆறு மாச இஎம்ஐயா மாறினா, ஆறு தடவை வருது. ஒவ்வொரு மாசமும் இஎம்ஐ மெசேஜ் வரும்போது நினைவுக்கு வர்றது அந்த ராத்திரியா இருக்காது, அந்த வாட்ச்சா இருக்கும். அதுவும் அதுக்குள்ள ஸ்ட்ராப் அறுந்திருக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

ட்ரிப் பட்ஜெட்டை மொத்தமா ஒரே எண்ணா வைக்காதீங்க. கடைசி ரெண்டு நாளுக்குன்னு தனியா ஒரு தொகை ஒதுக்குங்க. அதையும் ரெண்டாப் பிரிங்க: ஆளுங்களுக்கு ஒரு பங்கு, பொருளுக்கு ஒரு பங்கு. பொருள் பங்கு தீர்ந்தா, ஆளுங்க பங்குல கை வைக்கக் கூடாது. ஆளுங்க பங்கு மிஞ்சினா அப்படியே ஊருக்கு வரட்டும்.

லிஸ்ட் குடுத்தவங்ககிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே "ஆளுக்கு ஒரு சாக்லேட் பாக்கெட்தான், வேற எதுவும் முடியாது"ன்னு சொல்லிடுங்க. போன பிறகு சொன்னா சாக்கு மாதிரித் தெரியும், போறதுக்கு முன்னாடி சொன்னா அது விதி.

குரூப்ல மூணு விஷயத்தை முதல் நாளே பேசி வைங்க: கடைசி டின்னர் தலைக்கு எவ்வளவுக்குள்ள, குடிக்கிறவங்க பில் தனியா சேர்ந்தா, எந்த ரேட்ல கணக்கு பிரிக்கப் போறோம். பத்து நிமிஷப் பேச்சு. இதைப் பேசாம விட்ட பேட்ச்ல, ட்ரிப் முடிஞ்ச மாசமே வாட்ஸப் குரூப் அமைதியாயிடுறதை நான் பார்த்திருக்கேன். யாரும் சண்டை போட்டிருக்க மாட்டாங்க. யாருக்கோ யாரோ 1,700 ரூபாய் தரணும், அவ்வளவுதான்.

கணக்கை விமானம் ஏறறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. சாங்கியில மூணு மணி நேரம் காத்திருப்பீங்க. ஆளுக்கு ஒரு காபியோட உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவுன்னு எழுதி, மார்க்கப்பையும் சேர்த்து யூபிஐ பண்ணிட்டா, ஊர்ல இறங்கும்போது யாரும் யாருக்கும் கடன்காரர் இல்ல. அடுத்த சனிக்கிழமை வகுப்புல பக்கத்துல உட்கார்றதுக்கு அது ரொம்ப முக்கியம்.